குப்புறப் படுத்துக் கேட்ட கட்டுரைகள்

உலக வரைபடத்தில் இத்தாலியைக் காட்டச் சொன்னால் காட்டிவிடுவேன். பூட்ஸ் மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. அதற்கு மேல் அந்த நாட்டோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியிருக்க, போன மழைக்காலத்தில் அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஓர் இத்தாலிய எழுத்தாளர் காலையும் மாலையும் தவறாமல் வந்துபோனார். வந்தது அவருடைய கட்டுரைப் புத்தகம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் புத்தகம் என்று சொல்வதில்லை. என் கணவர் "உன் ஆளு" என்பார். "உன் ஆளு இன்னா சொல்றாரு இன்னிக்கு?"

என் ஆளை நான் கண்டெடுத்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். ரோஜாச் செடி வாங்கத்தான் போனேன். பழைய மிக்ஸி ஜாடிகளுக்கும் தொலைந்துபோன டிவிகளின் ரிமோட்டுகளுக்கும் நடுவே ஒரு தார்ப்பாயில் புத்தகங்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். அட்டையின் ஒரு மூலை கிழிந்திருந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பெரிய பெரிய நாவல்களில் எத்தனையோ விருந்து நடக்கிறதே, அந்தப் பாத்திரங்களையெல்லாம் யார் கழுவினார்கள் என்று ஒரு மனிதர் கவலைப்பட்டு எழுதியிருந்தார். அட, இதைக் கேட்க ஓர் ஆண்பிள்ளை வந்தாரே என்று அங்கேயே நின்று படித்தேன். பின்னால் வந்தவர்கள் இடித்துத் தள்ளியதும்தான் நினைவு வந்தது. ரோஜாச் செடி வாங்காமலே வீடு வந்து சேர்ந்தேன்.

இலக்கியக் கட்டுரை என்றால் அதுவரை எனக்குக் காத தூரம் ஓடத்தான் தோன்றும். கல்லூரியில் அப்படி வதைத்திருந்தார்கள். நல்ல கதையாகத்தான் படித்திருப்போம். கட்டுரை வந்து அதன் உயிரை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தேர்வுக்குக் கொடுக்கும். இந்த மனிதர் அப்படியில்லை. கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் வந்து சொல்வார்களே, யார் வந்தார்கள், பாயசம் எப்படி, யார் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள் என்று, அந்த மாதிரி புத்தகங்களைப் பற்றிச் சொன்னார். அந்தக் கல்யாணத்துக்கு நாம் போயிருக்க வேண்டியதே இல்லை. அவர் சொன்ன நாவல்களில் பெரும்பாலானவற்றை நான் படித்ததில்லை, இனிப் படிக்கப்போவதுமில்லை. ஆனாலும் அதில் வரும் மனிதர்களை எனக்குத் தெரியும். புரியாத இடத்தில் புரியவில்லை என்று எழுதிவிடுவார். பிடித்த புத்தகத்தில் அசட்டுத்தனமான பக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிட்டு, அதற்காகவே அந்தப் புத்தகத்தின் மேல் இன்னும் கொஞ்சம் பாசம் வைப்பார். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

நான் எழும்பூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். குரோம்பேட்டையில் மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறி உட்கார இடம் கிடைத்தால், எழும்பூர் வருவதற்குள் ஒரு கட்டுரை. நிற்கத்தான் இடம் என்றால் அரைக் கட்டுரை. பல நாள் அந்த வண்டிக்கு கார்டே என் கணவர்தான். கடைசிப் பெட்டியில் அவர் கொடியும் கையுமாக நிற்பார், நடுப்பெட்டியில் நான் இத்தாலியில் இருப்பேன். ஓய்வு பெறும்வரை அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. எனக்குப் பதவி உயர்வு வராத வருஷமும், மகள் கல்யாணமாகி பெங்களூரு போன வருஷமும் அதைப் படித்துத்தான் கழிந்தன.

என் கணவருக்குப் படிக்கிற பழக்கமே கிடையாது. தினசரி ஒன்று, ரயில்வே சுற்றறிக்கை ஒன்று, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதனால் சண்டையும் வந்ததில்லை. அவரவர் பெட்டி அவரவருக்கு.

பிறகு அவருடைய கண்ணுக்கு வந்தது கேடு.

முதலில் வலது கண். விழித்திரை விலகிவிட்டது என்று ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுவை ஏற்றி அனுப்பினார்கள். அந்த வாயுக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பிட, குளிக்க எழுந்தால்கூடத் தலை குனிந்துதான். விமானத்தில் போகவே கூடாது என்றும் டாக்டர் சொன்னார். நாள் முழுக்கத் தலைக்கு மேல் விமானம் போகிற ஊரில் இருந்துகொண்டு ஒருநாளும் ஏறாத மனிதர் அவர். "அந்த ஒண்ணு மட்டும் கரெக்டா பண்ணிடுவேன் சார்" என்றார்.

மற்றதில்தான் கோட்டைவிட்டார். அதற்குக் காரணம் சோம்பல் இல்லை, மரியாதை. உடம்பு சரியில்லை என்றால் நம் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? ஆப்பிளும் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் தலை நிமிர்ந்துவிடும். "வாங்க வாங்க, உக்காருங்க." முகம் பார்த்து வாங்க என்று சொல்லாவிட்டால் வந்தவர் என்ன நினைப்பார்! நான் கத்துவேன், அவர் குனிவார், அடுத்தவர் வருவார். ஒவ்வொரு ஆப்பிளுக்கும் ஒரு வாங்க. விழித்திரை மறுபடி விலகியது. அடுத்துச் செய்த ஆபரேஷனும் பலிக்கவில்லை. வலது கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. அந்த நாளில் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் இடது கண்ணிலும் அதேபோல் விழித்திரை விலகியது. அதே ஆபரேஷன், அதே வாயு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தத் தடவை தலையைத் தூக்க விட்டுடாதீங்கம்மா, இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றார். 

வீட்டுக்கு வந்து நாடாக் கட்டிலில் தலைப்பக்கம் நாலு நாடாவைத் தளர்த்தி, முகம் வைக்கிற அளவுக்குச் சந்து பண்ணினேன். அதில் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்தார். படுக்க வைத்துவிட்டேன், படுத்தே இருக்க வைப்பது எப்படி? கிரிக்கெட் வர்ணனை வைத்தேன். விக்கெட் விழுந்ததும் அவரும் எழுந்தார். சீரியல் வைத்தேன். அறை விழுந்த சத்தம் கேட்டதும் யார் யாரை அடித்தது என்று பார்க்கத் தலை எழும்பியது. பாட்டு வைத்தால் தூங்கிப்போய்ப் புரண்டுவிடுகிறார். ஒரு பத்திரிகைத் தொடர்கதையைப் படித்துக் காட்டினேன். அதில் கொலை நடந்ததும் "யாரு?" என்று முழங்கையை ஊன்றினார் பாருங்கள், பத்திரிகையை அப்படியே மூடிவிட்டேன்.

அப்போதுதான் என் ஆளை எடுத்தேன். கட்டுரையில் கொலை இல்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்று பதற வேண்டியதில்லை. அதே சமயம் தூங்கவும் விடாது. கட்டில் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலத்தில் இருப்பதை வரி வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவுகிற கட்டுரைதான் முதலில். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நம்ம வூட்லயும் நீதானே கழுவுற. அந்தாளு கேட்டது நாயம்தான்." முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இது எனக்குக் கிடைக்க, ஓர் இத்தாலியர் வர வேண்டியிருந்தது.

முகம் நாடாவில் அழுந்தியிருப்பதால் அதிகம் பேச அவருக்குக் கஷ்டம். அதனால் மோதிரக் கையால் கட்டில் இரும்பைத் தட்டுவார். மின்சார ரயிலில் வண்டி ஓட்டுபவருக்குக் கார்டு கொடுக்கிற மணி அது. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் புறப்படு. ஒரு தட்டுத் தட்டினால் என் ஆளோடு சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். நாவலில் மழை வந்தால் யாராவது அழப்போகிறார்கள் என்று ஒரு கட்டுரை இருக்கிறது. டக். "தாம்பரத்துல மழை பேஞ்சா அழுவுறதுக்கு யாருக்குமா டைம் கீது? தண்ணி ஏர்றதுக்குள்ள ஸ்கூட்டர மேட்டுல ஏத்தணும்." அவர் சொன்னதைக் கேட்டபிறகு அந்தக் கட்டுரையில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கும் தெரிந்தது. இத்தனை வருஷம் நானும் கூடவே தலையாட்டியிருக்கிறேன். இன்னொரு சமயம் சாவைப் பற்றி எழுதும்போது நாவலாசிரியர்கள் ஏன் ஜன்னலைத் திறக்கிறார்கள் என்ற கட்டுரை. அதை அவர் தப்பு என்றார், நான் விடவில்லை. அவருடைய அப்பா போன அன்று முதலில் ஜன்னலைத் திறந்தது யார் என்று கேட்டேன்.  இரண்டு தட்டு வந்தது.

ரயிலில் நான் தனியாகப் படித்தபோது வேகம் வேகமாக விழுங்கிய வரிகள் இப்போது தமிழில் சொல்லும்போது வாயில் நின்றன. இந்த வார்த்தைக்கு நம் வீட்டில் என்ன சொல்வோம் என்று யோசித்து யோசித்துச் சொன்னேன். கவலைக்கு நடுவில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கலாமா என்று வெட்கமாகக்கூட இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஆப்பிள்காரர்கள் விடுவார்களா? வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது எதிர் வீட்டு அக்கா. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவர் உள்ளே வந்த நேரம் நான் பாயில் சம்மணம் போட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் ராகமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதர் குப்புற விழுந்து கிடக்கிறார். அக்கா சட்டென்று முக்காடு போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் ஓரமாக உட்கார்ந்தார். கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். போகும்போது கிசுகிசுவென்று, "உங்க ஆளுங்க இதைப் பாராயணம்னு சொல்வீங்க இல்ல? எத்தனை நாள் பண்ணணும்?" என்றார்.

இல்லை அக்கா, இது நாவலில் வரும் சமையலறைகளைப் பற்றி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் பார்த்தது வேறு. அக்கா வந்தார், உட்கார்ந்தார், போகிறார், இவர் ஒரு வாங்க கூடச் சொல்லவில்லை. பாராயணம் நடக்கும் வீட்டில் யாரும் வாங்க எதிர்பார்க்க மாட்டார்கள். "டாக்டர் சொல்ற வரைக்கும் அக்கா" என்றேன்.

அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அதிலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே குரலைத் தணித்தார்கள். பழத்தைப் புத்தகத்துக்கு முன்னால் வைத்தார்கள். பின் தெருவிலிருந்து வந்த ஓர் அம்மா புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது. கட்டிலும் லேசாகக் குலுங்கியது. என் ஆள் எங்கிருந்தாலும் மன்னிக்கட்டும். அவருக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எதிர் வீட்டு அக்காவிடம் மட்டும் சீக்கிரமே உண்மையைச் சொல்லிவிட்டேன். "அதான் சாமி பேரே வரலியேன்னு பார்த்தேன்" என்றார். இருந்தும் மறுநாள் காலையில் சுடச்சுட காபி ஃபிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டுரை மட்டும் நான் எப்போதும் தாண்டிப்போவது. பார்வை போன ஒரு பேராசிரியரைப் பற்றியது என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ரயிலில் படித்த காலத்தில் சோகம் வேண்டாம் என்று தாண்டினேன். இப்போது அந்த இடம் வந்ததும் கை தானாகவே பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியது. டக்.

"இன்னா ரெண்டு மூணு பக்கம் ஒண்ணா போவுது? நடுவுல ஒரு ஸ்டேஷன வுட்டுட்ட."

"அது நல்லா இருக்காதுங்க. வேற படிக்கிறேன்."

"கண்ணு போனவன் கதையா?"

 வழக்கம்போல் காபியோடு வந்து உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தார்.

"மறைச்சின்னா எழுந்து நானே பார்ப்பேன்" என்று முழங்கையை ஊன்றினார். "படுங்க, படுங்க, படிக்கிறேன்" என்று அலறினேன். டாக்டர் சொன்ன கெடு முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. இத்தனை நாள் காப்பாற்றியதை நானே கெடுத்துவிடக் கூடாதே. முன்பின் படிக்காத கட்டுரையை அப்படியே சொல்லிக்கொண்டு போனேன்.

அந்தப் பேராசிரியர் பார்வை போன பிறகுதான் பேரும் புகழும் பெற்ற புத்தகங்களை எழுதினாராம். தினமும் மத்தியானம் அவருடைய தங்கை அவருக்குப் படித்துக்காட்டுவாளாம். என் ஆள் பேராசிரியரை அத்தோடு விட்டுவிட்டார். மிச்சக் கட்டுரை முழுக்கத் தங்கையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளுக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்தாள்? அவளுக்குப் பிடிக்காத புத்தகங்களை எந்தக் குரலில் படித்தாள்? அண்ணனுக்கு மனசு நோகும் என்று சில பக்கங்களைத் தாண்டினாளா? இந்த இடத்தில் விரலை வரியில் வைத்தபடி நான் நிறுத்திவிட்டேன். 

சரியாக அந்த நேரம் வாசலில் கேட் தடால் என்று திறந்தது. "மச்சான்! இன்னாடா இப்டி படுத்துகினு கீற!" அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாக ஓய்வு பெற்ற நண்பர். பாராயணச் செய்தி எட்டாத தூரம், வண்டலூரில் இருப்பவர். போன தடவை அந்தக் குரலுக்குத்தான் முதல் முதலாகத் தலை நிமிர்ந்தது. இவருடைய பிடரி நரம்பு இறுகுவதை நான் பார்த்தேன். கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. 

தலை எழும்பவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "உக்காரு மச்சான். ஒரு அம்மா கத போய்கினு கீது. அவங்க இன்னா ஆனாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் உன்னாண்ட பேசறேன்."

நண்பர் உட்கார்ந்தார். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படித்தேன். தங்கை என்ன ஆனாள் என்று கடைசி வரை தெரியவில்லை. அவள் பெயரைக்கூட யாரும் எங்கும் குறிக்கவில்லை என்று சொல்லி என் ஆள் முடித்துவிடுகிறார். டக் என்று ஒரு தட்டு வந்தது. "பேரு போடாம வுட்டது தப்பு" என்றார். "அண்ணனுக்கு இன்னா, படுத்துகினு கேட்டாரு. அந்த அம்மாதானே எல்லாத்தையும் படிச்சாங்க." அக்கா தன் காபிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கெடு முடிந்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாள் செல்லச் செல்ல வாயு கரைந்தது. ஒருநாள் மேல் பாதியில் மின்விசிறி தெரிகிறது என்றார், கீழ்ப் பாதியில் மிச்ச வாயு தண்ணீர் மாதிரி ஆடுகிறதாம். தண்ணீர்க் கோடு தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கு நம்பப் பயமாக இருந்தது. போன தடவையும் இப்படித்தான் மேல் பாதி தெரிந்தது.

கோடு முழுக்க மறைந்த பிறகு டாக்டர் வரச் சொன்னார். அறையின் எதிர்ச் சுவரில் தமிழ் எழுத்துகள் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் அட்டை மாட்டியிருந்தது. நான் ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டர் அறை விளக்கை அணைத்து, வலது கண்ணை மூடிவிட்டு, தெரிகிற வரைக்கும் படிக்கச் சொன்னார்.

"ட" என்றார். அது பெரிய எழுத்து, எல்லோருக்கும் தெரியும். அடுத்த வரி. "ப... ம." அதற்கு அடுத்தது. ஓர் எழுத்தில் நின்றார், தலையைச் சாய்த்தார், சொன்னார். சரியாக இருந்தது. இத்தனை வாரம் நான் படித்தபோது அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. எங்கோ இருக்கும் ஒரு மனிதர் தன் மேஜையில் உட்கார்ந்து நாவல்களைப் பற்றி யோசித்ததும், அதை யாரோ ஆங்கிலத்தில் போட்டதும், யாரோ அதைப் பல்லாவரம் தார்ப்பாயில் கொட்டியதும் இந்த எழுத்துகளில் வந்து நிற்கின்றன. அவர்கள் யாருக்கும் இது தெரியப்போவதில்லை. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

"போதும் சார், விழித்திரை நல்லா ஒட்டியிருக்கு. இதுவே எதிர்பார்க்காதது" என்று டாக்டர் விளக்கைப் போடப் போனார்.

"இருங்க சார்" என்றார் இவர், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு வரி கீது. எங்க வூட்டம்மா கேட்டுகினு கீறாங்க."